பெட்டி டீச்சர் விட்ட இடைவெளி

கனத்த கதவு சாத்தப்பட்டதும் ஆஸ்பத்திரிச் சத்தமெல்லாம் கழற்றிவிட்ட செருப்பைப் போல வெளியிலேயே நின்றுவிட்டது. துளைத்துளையாகப் பலகை அடித்த அந்தச் சின்ன அறைக்குள் சென்னியப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதுகளையும் கறுப்புக் கிண்ணங்கள் கவ்விக்கொண்டிருந்தன. கையில் ஒரு பட்டன். ‘சத்தம் கேட்டா அமுத்துங்க தாத்தா, எத்தனை சன்னமாக் கேட்டாலுஞ் செரி, கேட்ட ஒடனே அமுத்தீரோணும். கேக்கலீன்னா சும்மா உக்காந்துக்குங்க’ என்று வெள்ளைக் கோட்டுப் பெண் சொல்லியிருந்தாள், வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிட்டுப் பிட்டு. இப்போது எல்லாருமே அவரிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். எதிரே ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் அவளுடைய எந்திரமும், எந்திரத்தை ஒட்டி ஒரு ஸ்டூலில் அவர் பெண்சாதி மயிலாத்தாளும். மயிலாத்தாளின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. கழுத்திலிருந்து தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எந்திரத்தின் மேல் ஒரு சிவப்பு விளக்கு. ‘தாத்தா அமுத்துனா இது எரியும் பாட்டி, பாத்துக்கிட்டே இருங்க’ என்று அந்தப் பெண் வேடிக்கை காட்டியிருந்ததால் மயிலாத்தாள் அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சத்தம் வந்தது. வலது காதில், சன்னமாக, தண்ணீர் கொதிக்கும் முன்பு பாத்திரம் முனகுமே, அப்படி. கேட்டது. நன்றாகவே கேட்டது. சென்னியப்பனின் கட்டைவிரல் பட்டன்மேல் படுத்துக் கிடந்தது, எழுந்திருக்கவில்லை. இதைக் கேட்டதென்று ஒப்புக்கொண்டால் அன்றைக்குக் குளியலறையிலிருந்து மயிலாத்தாள் கூப்பிட்டதும் கேட்டது என்று ஆகிவிடும். கேட்டதுதான்.

இன்னொரு சத்தம், முன்னதைவிடக் கொஞ்சம் பெரிது, அதன் பிறகு ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் எந்திரம் அவருக்காகக் காத்திருந்தது. ஒரு பெட்டி ஒரு மனுசனுக்காகக் காத்திருக்கிற இந்த நேரம் சென்னியப்பனுக்குப் புதிதல்ல. நாலு எண்ணுகிற நேரம். ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஒரே கூடத்தில் உட்காரவைத்து, பெரிய வாத்தியார் அருணாசலம் பூட்டுத் திறந்து அந்த ரேடியோப் பெட்டியை வெளியே கொண்டுவருவார். பிள்ளையாரைச் சப்பரத்தில் ஏற்றுகிற பவ்யம் அவர் கையில் இருக்கும். கிளிப் படம் பின்னிய துணி உறையை நீக்கி, முகத்தைத் தன் துண்டால் துடைத்து, குமிழைத் திருகினால் முதலில் ஒன்றும் வராது, கண்ணாடிப் பட்டைக்குள் மஞ்சள் வெளிச்சம் மட்டும் மெதுவாக ஊறும், பிறகு அப்பளம் பொரிகிற சத்தம், அதன் நடுவிலிருந்து அந்த அம்மாளின் குரல். பள்ளிகளுக்கான நிகழ்ச்சி என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த அம்மாள் பெட்டி டீச்சர். ‘குழந்தைகளே, தேனீக்கு எத்தனை கால்கள்? யோசித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்’ என்பார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ‘எட்டூ!’ என்று ஆறுச்சாமி கூரை ஓடு நகர்கிற மாதிரி கத்துவான். ‘மிகச் சரி! ஆறு கால்கள். கெட்டிக்காரக் குழந்தைகள்!’ என்பார் பெட்டி டீச்சர். ஆறுச்சாமி நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பான். ‘என்னையத்தான்டா சொன்னாங்க.’ ‘நீ எட்டுன்னல்லடா சொன்னே?’ ‘அதுக்கென்ன, மிகச் சரின்னு சொன்னாங்களா இல்லியா? உங்களையா சொன்னாங்க?’ சென்னியப்பனுக்குத் தெரியும், ஆறு என்று. எல்லாக் கேள்விக்கும் தெரியும். விடை நாக்கின் நுனிக்கு வந்து, பல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மனதுக்குள் சொல்லிவிடுவான். மனதுக்குள் சொன்னாலும் நாலு எண்ணி முடித்ததும் மிகச் சரி என்று பாராட்டு வந்துவிடும், கத்தினவனுக்கும் அதே பாராட்டு, கத்தாதவனுக்கும் அதே. அப்புறம் எதற்குக் கத்த வேண்டும்? அந்தப் பெட்டியிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட கெட்ட பாடம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றியது. தேனீக்கு ஆறு கால் என்பதெல்லாம் நல்ல பாடம்.

சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறார். பெட்டியிலிருந்து ஒரு கம்பி கூரைக்குப் போகும், இன்னொரு கம்பி ஜன்னல் வழியாகச் சுவருக்குப் பின்பக்கம் இறங்கி மண்ணுக்குள் போகும். எர்த்துக் கம்பி. அது இறங்குகிற குழியில் ஈரம் இருந்தால்தான் குரல் தெளிவாக வரும் என்பார் வாத்தியார். பேசாத பிள்ளை என்பதால் அந்த வேலையைச் சென்னியப்பனிடம் கொடுத்திருந்தார். குரல் கரகரத்தால் ‘டேய் சென்னி, எர்த்துக்குத் தண்ணி!’ என்று சத்தம் போடுவார். அவன் செம்பை எடுத்துக்கொண்டு ஓடுவான். சுவருக்குப் பின்னால் யாரும் இல்லை. தண்ணீரைக் குடித்த மண் ஸ் என்று மூச்சு விடும். ஜன்னல் வழியாகக் கேள்வி வரும், இடைவெளி வரும், அவன் குந்தி உட்கார்ந்து குழிக்குள் வாயை வைத்துச் சத்தமாக, ஆமாம் சத்தமாகவே, விடை சொல்வான். கம்பி அதைப் பெட்டிக்குக் கொண்டுபோகும், பெட்டி கூரைக் கம்பிக்கு ஏற்றும், கூரைக் கம்பி எங்கேயோ இருக்கிற பெட்டி டீச்சரின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மிகச் சரி என்று வரும்போது மார்பு அடைத்துக்கொள்ளும். ஒருநாள் ஒன்றுக்குப் போக வந்த ஆறுச்சாமி பார்த்துவிட்டான். ‘டேய், இங்க வந்து பாருங்கடா, சென்னியான் மண்ணுக்குப் பாடம் சொல்லித் தர்றான்!’ கூடமே ஜன்னலில் வந்து தொங்கியது. வாத்தியார்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு குழிக்குத் தண்ணீர் ஊற்றினானே தவிர, வாயைத் திறக்கவில்லை. சிரித்தது எல்லாரும்தான், ஆனால் இன்றுவரை வாயைத் திறக்காததற்கு ஆறுச்சாமியைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. ஆறுச்சாமி செத்தே வெகுகாலம் ஆயிற்று. செத்தவன் தலையில் இதையும் கட்டுவதா. ‘தாத்தா, கேக்குதுங்களா?’ என்று கிண்ணத்துக்குள் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. இப்போது சத்தங்கள் பெரிதாகிவிட்டிருந்தன, அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அளவுக்கு. இதைக்கூட அமுத்தாவிட்டால் பச்சைப் பொய். சென்னியப்பன் கண்ணாடியைப் பார்த்தார். விளக்கு எரியவே இல்லை. மயிலாத்தாளின் முகம் வாடிக்கொண்டு வந்தது. அவள் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள், கண்ணாடிக்குப் பின்னால் அது கேட்கவில்லை, ஆனால் என்னவென்று தெரியும். மூன்று வாரமாகச் சொல்வதுதான். முப்பது வருசம் மில்லுல நின்ன காதும்மா, பாவம்.

மில் அவர் காதை ஒன்றும் செய்யவில்லை. மில்லில் அவருக்கு நாய்க்காது என்று பட்டப்பெயர். நூல் சுற்றுகிற அத்தனை கதிர்களின் இரைச்சலில் ஒரு கதிர் தடம் மாறினால் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டிவிடுவார். மயிலாத்தாளுக்கு அது தெரியாது. அவர் வீட்டில் வந்து சொன்னால்தானே தெரியும். வேலை முடிந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவள் நாளெல்லாம் கூப்பிடுகிறாள். ஏனுங், இந்த மூடியைக் கொஞ்சம் திருவிக் குடுங்க. ஏனுங், அணில் வந்திருக்குது பாருங்க. ஏனுங், ஒண்ணுமில்ல, இருக்கீங்களான்னு பாத்தேன். முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாமல் நாலு எண்ணினால் பாதிக் கூப்பாடுகள் தாமாகவே கரைந்துவிடும் என்பது அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு. மூடியை அவளே திறந்துகொள்வாள். அணில் போய்விடும். மனதுக்குள் இதோ வர்றேன் என்று சொல்லிக்கொள்வார், அதனால் பதில் சொல்லாத குற்றமும் இல்லை. யாரும் நட்டப்படவில்லை. அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாளி உருள்கிற சத்தம். பிறகு, ஏனுங். ஒரே ஒரு தரம். அவளுடைய ஏனுங் எப்போதும் கடைசியில் மேலே தூக்கும், கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. அன்றைக்கு அது கீழே இறங்கியது. இறங்கியது என்று அவர் காது குறித்துக்கொண்டது. ஒரு கதிர் தடம் மாறினால் தெரிகிற காது அல்லவா. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. அப்பாடா என்று இருந்தது. பயம்கூட இல்லை அவருக்கு, நிம்மதி. பக்கத்தைத் திருப்பினார். தேங்காய் விலை படித்தார், ராசிபலன் படித்தார், காலமானவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அவர்கள் வயதைத் தன் வயதிலிருந்து கழித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு ரேவதி வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் உள்ளே போய்க் கூச்சல் போட்டபோதுதான் எழுந்தார். ஈரத் தரையில் மயிலாத்தாள் கை மடங்கிக் கிடந்தாள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. ‘ஏனுங் தாத்தா, இத்தனை நேரம் ஊட்டுலதான இருந்தீங்க? பாட்டி கூப்புட்டது காதுல உழுகலீங்களா?’ என்று ரேவதி கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் திகைத்து நிற்பதைப் பார்த்து அவளே, ‘அடப் பாவமே, காது சுத்தமாக் கேக்கறதில்லையாட்ட இருக்குது’ என்றாள். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை அவர். கேள்விக்கும் விடைக்கும் நடுவில் இருந்த இடத்தைச் சும்மா விட்டார், அதில் மற்றவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். திருப்பூரிலிருந்து ஓடிவந்த மகள் சுகந்தி நிரப்பினாள், ‘எங்கப்பனுக்கு மில்லு காதைத் தின்னுபோட்டுது.’ கட்டுப் போட்ட டாக்டர் நிரப்பினார். கடைசியில் மயிலாத்தாளே நிரப்பினாள், படுத்த படுக்கையில், வலது கை வீங்கிக் கிடக்க, இடது கையால் அவர் முழங்காலைத் தட்டி, ‘நீங்க என்ன பண்ணுவீங்க. நாந்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்புட்டிருக்கோணும்.’

அன்றிலிருந்து அவள் கத்திப் பேசுகிறாள். கோபத்தில் இல்லை, பிரியத்தில். சோறு வேணுங்களா என்று கேட்கத் தூளியில் கட்டின கையோடு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறாள். ராத்திரி இருமல் வருகிறது அவளுக்கு. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிப் போனதால் வருகிற இருமல் என்று இவருக்குத் தெரியும். அது காதில் விழாத பாவனையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். இன்றைக்கு அமுத்தாமல் உட்கார்ந்திருந்தால் காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டிவிடுவார்கள். அதற்குள்ளிருந்து அவள் சொல்வதெல்லாம் இரண்டு மடங்காக வரும், அவர் முதல் தடவையாகக் கேட்பதுபோல ஆச்சரியப்பட்டுக் காட்ட வேண்டும், சாகும்வரை. அவள் சந்தோசப்படுவாள். அதுதான் தாங்காது. அமுத்தினால்? அமுத்தினால் அந்த ஈரத் தரையில் அவள் கிடந்தாளே, இந்த மனுசனுக்குக் காது கேட்கவில்லை, கேட்டிருந்தால் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு கிடந்தாளே, அந்த நினைப்பைப் பிடுங்கிவிடுவதாகும். அவளிடம் அது ஒன்றுதான் மிச்சம். எது கொடுமை? சத்தம் வந்தது, இடைவெளி வந்தது. சத்தம், இடைவெளி. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பெட்டி டீச்சர் ஒரு கேள்வி கேட்டார், என்ன கேள்வி என்பது மறந்துவிட்டது, தண்ணீரைப் பற்றியோ மேகத்தைப் பற்றியோ. யோசித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எப்போதும்போல நிறுத்தினார். ஆறுச்சாமி கத்தினான். எல்லாரும் கத்தினார்கள். நாலு எண்ணி முடிந்தது. மிகச் சரி வரவில்லை. ஐந்து, ஆறு. பொரிகிற சத்தம்கூட இல்லை. கூடம் முழுவதும் வாயைத் திறந்தபடி பெட்டியைப் பார்த்தது. சென்னியப்பனுக்கு மட்டும் முதுகு சில்லிட்டுப் போயிற்று. எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவன் ஒருவன்தான் சொல்லவில்லை, அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அவன் சொல்கிறவரை அந்த அம்மாள் பேசப் போவதில்லை. எங்கேயோ ஓர் அறையில் அந்த அம்மாள் காதைச் சாய்த்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறார். விடை வாய் நிறைய இருந்தது. அப்போதும் சொல்லவில்லை. அரைக்கால் சட்டை நனைந்ததே ஒழிய, சொல்லவில்லை. வாத்தியார் பெட்டியின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, ‘பேட்டரி போச்சுடா, எல்லாம் போய் விளையாடுங்க’ என்றார். பேட்டரிதான். சிரித்துக்கொண்டு ஓடினார்கள். ஆனால் பதில் வராமல் ஒரு பெட்டி அத்தனை நேரம் காத்திருக்க முடியும் என்பதை அன்றைக்குப் பார்த்துவிட்டான். ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவளும் அப்படித்தான் எண்ணியிருப்பாள். நாலுக்கு மேலே. தேங்காய் விலைக்கும் ராசிபலனுக்கும் மேலே. எண்ணத் தெரிந்தவரை எண்ணியிருப்பாள்.

கட்டைவிரல் அமுத்தியது. அவர் அமுத்தச் சொன்னதாக ஞாபகம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. மயிலாத்தாள் ஸ்டூலிலிருந்து துள்ளிவிட்டாள். இடது கையால் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி விளக்கைக் காட்டினாள், அந்தப் பெண்ணுக்குத் தெரியாதது போல. சத்தத்தைக் குறைத்தார்கள். அமுத்தினார். எரிந்தது. இன்னும் குறைத்தார்கள். அமுத்தினார். மயிலாத்தாள் பல் தெரியச் சிரித்தாள், பேத்தி ஓட்டப் பந்தயத்தில் ஓடுவதைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள். சத்தம் கொசுவாயிற்று, கொசுவின் சிறகாயிற்று, எறும்பு நடப்பதானால் இப்படித்தான் கேட்கும் என்கிற அளவுக்குத் தேய்ந்தது. நாய்க்காது. அமுத்தினார், எரிந்தது, அமுத்தினார், எரிந்தது. அந்தப் பெண் புருவத்தைத் தூக்கி மயிலாத்தாளிடம் ஏதோ சொன்னாள். எவ்வளவு சின்னச் சத்தம் என்று காட்ட, விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டினாள். அப்போதுதான் மயிலாத்தாளின் சிரிப்பு நின்றது. ஒரேயடியாக நிற்கவில்லை, மின்விசிறியை அணைத்த பிறகு சுற்றுமே, அப்படிச் சுற்றி மெதுவாக நின்றது. விளக்கைப் பார்த்தாள். தூளியில் கிடந்த தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். சென்னியப்பன் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. தாழ்த்தினால் சத்தத்தை விட்டுவிடுவோம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு பார்த்துக்கொண்டே அமுத்தினார். கடைசியில் அந்தப் பெண், ‘இப்ப நான் சொல்றத நீங்க திருப்பிச் சொல்லோணும் தாத்தா, சத்தமாச் சொல்லுங்க’ என்றாள். பூ, என்றாள். இடைவெளி. ‘பூ’ என்றார். கல். ‘கல்.’ பால், மீன், கை. ‘கை’ என்று சொல்லும்போது குரல் பிசிறியது. யாரும் ஜன்னலில் தொங்கிச் சிரிக்கவில்லை.

கதவு திறந்ததும் அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். ‘சூப்பர் தாத்தா! உங்க வயசுக்கு இப்படியொரு காது நான் பாத்ததே இல்ல. மிஷினெல்லாம் ஒண்ணும் வேண்டாம். மொதல்ல எதுக்கு அமுத்தாம உக்காந்திருந்தீங்க, பயந்துட்டீங்களா?’ மிகச் சரி, கெட்டிக்காரக் குழந்தை. பாராட்டு வந்துவிட்டது. அது இத்தனை கசக்கும் என்று அறுபது வருசத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம். மயிலாத்தாள் அவருக்கு முன்னால் நடந்தாள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. யார் காலோ பட்டு அவளுடைய ஒற்றைச் செருப்பு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள், கட்டுக் கையோடு முடியவில்லை, நிமிர்ந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், அவருக்கு முதுகு காட்டி. டோக்கன் கூப்பிடுகிற சத்தம், ஒரு குழந்தை அழுகிற சத்தம், சக்கர நாற்காலி கிரீச்சிடுகிற சத்தம், எல்லாம் அவர்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. ‘ஏனுங்’ என்றாள். கத்தவில்லை. அந்த எந்திரத்தின் கடைசிச் சத்தத்தைப் போல, உதட்டுக்கு வெளியே வந்ததா வரவில்லையா என்கிற மாதிரி. திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்று, என்று அவருக்குள் பழைய பையன் எண்ணத் தொடங்கினான். இரண்டு. ‘கேக்குது மயிலா’ என்றார் சென்னியப்பன். ‘அன்னைக்குங் கேட்டுது. வாளி உருண்டதுங் கேட்டுது. நீ கூப்புட்டதுங் கேட்டுது. வரல நான்.’ அவள் முதுகு அசையவில்லை. பின்கழுத்தில் தூளியின் முடிச்சுக்குமேல் தோல் சுருங்கி இருந்தது, அதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று, நான்கு கடந்துபோயிற்று. பத்தும் கடந்திருக்கும். இந்தப் பக்கம் நின்று காத்திருந்தால் இப்படித்தான் இருக்கும்போல. மிகச் சரி என்று எந்தப் பெட்டியும் சொல்லவில்லை. கடைசியில் அவள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மூன்று வாரமாகக் காணாமல்போயிருந்த தன் சொந்தக் குரலில் பேசினாள். ‘அப்ப இனிமேலாச்சும் நான் கத்தித் தொண்டத்தண்ணி வத்த வேண்டியதில்ல.’ இருமினாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ‘அந்தச் செருப்பெ எடுத்துப் போடுங்க.’ ஒரு கை எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். மனதுக்குள் சொல்லிக்கொண்டாலே போதுமான தூரம். ‘இதா வர்றேன்!’ என்று சென்னியப்பன் சத்தமாகச் சொன்னார். அந்த நடைபாதையே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. சொல்லிவிட்டு, பெஞ்சுக்கு அடியில் இருந்த இருட்டுக்குள் குனிந்தார்.